குடை விரிந்தால் வேலை முடிந்தது

சுவரில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. ஊருக்கெல்லாம் தெரிகிற படம் அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியாது. மூக்கு சுவரில் உரசும் தூரத்தில் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு காது, கட்டில் நீளத்துக்கு ஒரு புருவம் என்று தீட்டிக்கொண்டிருந்தால், அது காதா களிமண் மேடா என்று எப்படித் தெரியும்? தெரிய வேண்டுமானால் இறங்க வேண்டும். தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். தப்பு கண்ணில் பட்டால் மறுபடி ஏற வேண்டும். ஒரு கன்னம் முடிவதற்குள் கால் முட்டி கழன்றுவிடும்.

அவளுக்கு அந்தச் சாபம் பலிக்கவில்லை. அவளுக்குக் கணவர் இருந்தார்.

அவர் பஸ் டிரைவர். படத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவளுடைய முதல் பெரிய சுவர் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்று மாடிச் சுவர். மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"மேஸ்திரி, அந்தப் பாப்பாவுக்கு ஒரு கண்ணு காதுக்குக் குடி போயிட்டிருக்கு."

அவள் இறங்கி வந்து பார்த்தாள். போய்க்கொண்டுதான் இருந்தது.

"பஸ்ஸைப் பின்னால எடுக்கறவனுக்குத் தூரம் தெரியலைன்னா பொழப்பு நடக்குமா?" என்றார் அவர். அன்றிலிருந்து விடுமுறை நாளெல்லாம் நடைபாதையில்தான் கழிந்தது. பேரும் அப்படியே நின்றுவிட்டது. கடைசி வரை அவளை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிட்டார்.

கத்தினால் வண்டிச் சத்தத்தில் கேட்காது. அதனால் ஒரு கறுப்புக் குடையை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். குடை நுனி மேலே போனால் ஏற்று, கீழே போனால் இறக்கு. பக்கவாட்டில் ஆட்டினால் அந்தப் பக்கம் நகர்த்து. குடை விரிந்தால் வேலை முடிந்தது, இறங்கி வா. அந்தக் கடைசிச் சைகையில் மட்டும் அவர் மகா கண்டிப்பு. முகம் முழுவதும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் அவள் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி வைப்பாள். அது விழுந்தால்தான் முகம் விழித்துக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார்க்கும். அந்தப் புள்ளி விழாமல் குடை விரியாது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் விரியாது. மூடிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நிற்கும் மனிதரைப் பார்த்துத் தெருவே சிரித்திருக்கிறது. "விரிச்சா நீ இறங்கிடுவியே" என்பார்.

இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த இன்னொரு சங்கதியும் உண்டு. உயரமான சுவரில் முகத்தைச் சரியாக வரைந்தால், கீழே நிற்பவருக்கு அது தப்பாகத் தெரியும். அண்ணாந்து பார்க்கும்போது மேல்பாதி சுருங்கிவிடும். நெற்றி காணாமல் போய், கண்ணும் மயிரும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நெற்றியை இழுக்க வேண்டும், கண்ணை நீட்ட வேண்டும், மேலே போகப் போகத் தாராளமாக வரைய வேண்டும். மேலே துணிந்து தப்புச் செய்தால்தான் கீழே சரியாக வரும். இந்தத் தப்பை அவளைப் போல அளவாகச் செய்ய ஆளில்லை என்று பேர் வந்தது. வெளியூர்களிலிருந்து கூப்பிட்டார்கள். பரிசு கொடுத்தார்கள், பத்திரிகையில் போட்டார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுக் குடையோடு கூடவே கிளம்பினார். எந்த ஊரில் எந்தச் சுவர் என்றாலும், எதிர்ப்பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து அதில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அவளுடைய கை அந்தக் கம்பத்தடிக் கண்ணுக்கு வரைந்து வரைந்தே தேறியது.

கம்பத்தடியில் இன்னொரு ஆளும் உண்டு. மகள். அவளுக்கு வீட்டுப் பெயர் வாலு. பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நடுநடுவே தலையை நிமிர்த்தி, "அப்பா, மூக்கு பெருசுன்னு சொல்லுங்க" என்பாள். போட்டோ எடுக்கப் போனால் நாக்கை நீட்டுவாள், ஒரு கண்ணை மூடுவாள், கன்னத்தை உப்புவாள். வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் அந்தக் குரங்குச் சேட்டை போகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்துபோனவள், திரும்பி நடந்து வரவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். அதற்கு மேல் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

அதன் பிறகு பெற்றவள் முகம் வரைவதை விட்டுவிட்டாள். இலை வரைந்தாள், பறவை வரைந்தாள். கேட்டவர்களிடம், "கழுத்து வலி, முகமெல்லாம் இப்போ ஒத்துக்கறதில்லை" என்றாள். கழுத்துக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆளில்லை.

ஒரு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான்காவது மாடி வீட்டில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். கூடமாட இருக்க அவருடைய தங்கை வந்து சேர்ந்தாள். தங்கமான நாத்தனார். வாய்தான் ஓயாது.

ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு கிடங்குக் கட்டடத்தின் பக்கச் சுவர். ஜன்னல் கிடையாது, விளம்பரம் கிடையாது, மொட்டைச் சுவர். அவர் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு சாயங்காலம் சொன்னார்.

"கண்ணை மூடினா வாலு முகம் வர மாட்டேங்குது மேஸ்திரி. மூக்கு வருது. சிரிப்பு வருது. எல்லாம் தனித்தனியா வருது, ஒண்ணு சேர மாட்டேங்குது."

"போட்டோ எடுத்துக் கொடுக்கவா?"

"எதுல அவ சரியா நின்னா? எல்லாத்துலயும் குரங்கு மூஞ்சி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டேன்னா போதும். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் மறுநாளே கிடங்குக்காரரைப் போய்ப் பார்த்தாள். ஓசியில் ஒரு பெரிய படம் கிடைக்கிறதென்றால் அவருக்குக் கசக்குமா? பூவோ கிளியோ என்னவோ போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆளைத் தூக்கும் கூடை வைத்த லிஃப்ட் வண்டி வந்தது. ஆனால் வீட்டில் ஒரு நிபந்தனை போட்டாள். முடிகிற வரை ஜன்னல் திரையைத் திறக்கக் கூடாது.

"என் வேலையைப் பிடுங்கிட்டியா?" என்றார் அவர்.

"லீவு கொடுத்திருக்கேன்."

முழுசாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு, பாதி மூக்கும் கால் உதடுமாகக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அவளே இறங்கினாள், அவளே தெருவைக் கடந்தாள். அவர் நின்றிருக்கக்கூடிய கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள், மறுபடி ஏறினாள். மகள் முகத்தைத் துண்டு துண்டாக ஞாபகத்திலிருந்து எடுப்பது சாமானியமல்ல. சில நாள் கூடைக்குள் உட்கார்ந்து அழுதாள். லிஃப்ட் டிரைவர் நல்ல மனிதர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்ஜின் எண்ணெயைப் பற்றிப் பேசுவார். முகம் சேர்ந்தது. ஒரு நாள் கம்பத்தடியில் நின்று நிமிர்ந்தபோது, வாலு ஏதோ வம்பு பேசப் போகிறவள் போல உதட்டை மடித்துக்கொண்டு மேலே இருந்தாள். பெற்றவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏறி, கண்ணில் புள்ளி வைத்துவிட்டு, திரை இடுக்கில் எட்டிப் பார்த்த நாத்தனாருக்குத் திறக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

திரை விலகியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜன்னலை அடைத்துக்கொண்டு கறுப்புக் குடை விரிந்தது.

நாலு மாடியையும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி ஏறினாள். நாத்தனார் குடையை மடக்கிக்கொண்டே, "ரொம்பப் பெருசா இருக்கு அண்ணி" என்றாள். அவர் சிரித்தார். "நல்லா இருக்கு மேஸ்திரி."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் தலையணைப் பக்கம் சாய்ந்து, படம் வரைந்த பிறகு முதல் முறையாக அந்த ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தாள்.

எதிரே யாரோ ஒரு பெண் இருந்தாள். பட்டினி கிடந்து நீண்டுபோன முகம், ஏறிக்கொண்டே போகும் நெற்றி, எங்கோ உயரத்தில் இரண்டு நீளக் கண்கள். ஏதோ ஓர் ஆபீஸில் வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுகிற அம்மாள் மாதிரி இருந்தாள்.

"யாருங்க இது?"

"தெரியலை. ஆனா நல்ல பொண்ணாத்தான் தெரியுது."

"அப்புறம் எதுக்குக் குடை விரிச்சீங்க?"

"நீ இறங்கணும்னுதான். எத்தனை நாளா அந்தரத்துல தொங்கிட்டிருக்கே." பிறகு மெதுவாகக் கேட்டார். "கம்பத்துக்கிட்ட நின்னு பார்த்தா சரியா இருக்குல்ல?"

"இருக்கு."

"இருக்கும். அங்க நிக்கறவனுக்கு வரைஞ்சிருக்கே. நான்தான் அங்க இல்லையே மேஸ்திரி."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அவருடைய கண்ணுக்கென்றே பழகிய கை, அந்தக் கண் இடம் மாறிப் படுத்திருப்பதை மறந்துவிட்டது. முகத்துக்கு நேர் மட்டத்தில் படுத்திருப்பவருக்கு இழுத்த நெற்றி எதற்கு? அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். அவர் நல்ல கையால் அவள் தலையிலிருந்த பெயின்ட் திட்டைச் சுரண்டி எடுத்தார்.

அழுது முடித்து எழுந்தவள், "இனிமே பொய்க்குடை விரிக்கக் கூடாது. வாலு வர வரைக்கும் விரிக்கவே கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். அவர் சத்தியம் செய்தார்.

அழிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் ஒரே சலசலப்பு. அதற்குள் அந்தப் படம் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. கிடங்குக்காரர் ஓடிவந்தார்.

"நல்லா இருக்கறதை ஏம்மா நோண்டறீங்க?"

"எதிர் வீட்டுல ஒருத்தருக்குச் சரியாத் தெரியலைங்க."

"ஒரே ஒருத்தருக்காகவா?"

"ஆமாங்க, அந்த ஒருத்தருக்காகத்தான்."

இந்தத் தடவை திரை திறந்தே இருந்தது. அவர் தலையணையிலிருந்து சொல்வார், நாத்தனார் ஜன்னலில் நின்று குடையை ஆட்டுவாள். பிள்ளைப் பருவத்திலிருந்தே அவளுக்கு இடது வலது தகராறு. சாப்பிடுகிற கை எது என்று யோசித்துவிட்டு, யோசித்ததற்கு எதிர்ப்பக்கம் ஆட்டுவாள். ஒரு நாள் முழுக்க வாலுவின் மூக்கு தப்பான திசையில் பயணம் போனது. அன்று அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நாத்தனார் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பேச்சும் சிரிப்புமாக இன்னும் பல காலம் ஓடிவிடும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியது.

கீழே நிலைமை வேறு. நெற்றி இறங்க இறங்க, நடைபாதையிலிருந்து பார்த்தால் முகம் நசுங்கிக்கொண்டே வந்தது. நின்று பார்ப்பவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "அந்தம்மாவுக்குக் கை போயிடுச்சு", "பாவம், வயசாயிடுச்சுல்ல" என்ற பேச்செல்லாம் கூடை இறங்கும்போது அவள் காதில் விழுந்தது. வலிக்காமல் இருக்குமா? வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்த பேர். ஆனால் சாயங்காலம் தலையணைப் பக்கம் சாய்ந்து பார்க்கும்போது முகம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பேராவது ஒன்றாவது.

கடைசியில் கண்ணில் புள்ளி மட்டும் பாக்கி. அன்று காலை கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் போர்வையை இழுத்துவிட்டு வந்தாள். போனைப் பெயின்ட் படாமல் இருக்க வழக்கம்போல் வண்டியிலேயே வைத்துவிட்டுக் கூடையில் ஏறினாள்.

உதட்டோரத்தில் சின்ன வேலை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை முடித்து, வெள்ளையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் டிரைவர் சொன்னார்.

"அக்கா, குடை விரிச்சிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு கறுப்புக் குடை விரிந்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணில் புள்ளி விழவில்லை. கொட்டும் மழையில் விரிக்காத மனிதர், இப்போது இவள் இடுப்பு வலிக்கும் என்று இரக்கப்பட்டு விரிக்கிறார். சத்தியம் பண்ணிய கையின் சூடு ஆறவில்லை.

"இறக்கவா அக்கா?"

"இருப்பா. பொய்க்குடை அது. சும்மா என்னை இறக்கறதுக்கு விரிக்கறார்."

வலது கண்ணில் புள்ளியை வைத்தாள். அவசரப்படவில்லை. விளிம்பைச் சீராக்கினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நடுவில் ஒரு முறை திரும்பியபோது குடை இன்னும் விரிந்தபடியே இருந்தது, கொஞ்சம் ஆடியது. அவசரப்படுத்துகிறாராக்கும் என்று நினைத்து, வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது கண்ணுக்குக் கூடையை நகர்த்தச் சொன்னாள். அதிலும் புள்ளி விழுந்தது. தூரிகைகளைக் கழுவினாள். பிறகுதான் இறங்கினாள்.

மாடி ஏறும்போது என்னென்ன திட்ட வேண்டும் என்று வரிசை கட்டிக்கொண்டே ஏறினாள். சந்தோஷமான கோபம் அது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, கண்ணு வைக்கறதுக்கு முன்னாடியே குடையா? பண்ணின சத்தியம் என்ன ஆச்சு?"

நாத்தனார் ஜன்னலோரம் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எப்போதும் ஓயாத வாய் திறக்கவில்லை. அவளைத் தாண்டி இவள் கட்டிலைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எப்போ?" என்றாள்.

"பால் காய்ச்சிட்டு வந்தேன் அண்ணி. அதுக்குள்ள... போன் பண்ணிப் பார்த்தேன், எடுக்கலை. ஜன்னல்ல நின்னு கத்தலாம்னு வாயைத் திறந்தேன். தெருவே கேக்கற மாதிரி அதை எப்படி அண்ணி கத்தறது? உங்களை எப்படி இறக்கறதுன்னு தெரியலை. குடை விரிச்சா இறங்கிடுவீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காரேன்னு..."

அவள் இறங்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனி அது இறங்கப்போவதில்லை.

கட்டிலில் உட்கார்ந்து, தினமும் சாய்வது போல அவர் தலையணையில் சாய்ந்தாள். அவர் கன்னம் லேசான சூட்டோடு இருந்தது.

"ஏதாவது சொன்னாரா?"

"காலையில முழிச்சதும் அந்தப் பக்கம்தான் பார்த்தார். 'வாலு வந்துட்டா பாரு'ன்னார். 'கண்ணு மட்டும்தான் பாக்கி. மேஸ்திரி புள்ளி வச்சிட்டா, அவ என்னைப் பார்ப்பா'ன்னார். நல்லா எழுந்து உக்காரணும்னு ரெண்டாவது தலையணை கேட்டார் அண்ணி. வச்சேன்."

அவள் தலையைத் திருப்பினாள். ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த குடையை நாத்தனார் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் வாலு இருந்தாள். நெற்றி சரியாக இருந்தது. மூக்கு சரியாக இருந்தது. வம்பு பேசுவதற்கு மடித்த உதடு அச்சு அசலாக இருந்தது. இரண்டு கண்ணிலும் ஈரம் காயாத வெள்ளைப் புள்ளி மினுங்க, அவள் நேராக இந்தக் கட்டிலைத்தான், இரண்டு தலையணை வைத்து உயர்த்திய அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க" என்றாள் அவள், அவர் காதோரம். "பாக்கறா பாருங்க."

கீழே நடைபாதையில் யாரோ நின்று, நெற்றி ரொம்பக் குட்டையாக இருக்கிறது என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாத்தனார் கையில் குடை இன்னும் விரிந்தே இருந்தது. அதை மடக்க இருவருக்கும் தோன்றவில்லை.